கடைசிப் பெயர்

2003ஆம் ஆண்டு. கனடாவின் மொன்றியல் நகரில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நம்மவர்களுக்குப் பிரெஞ்சுப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் பேரின்பநாயகம். கைக்குழந்தையோடு வந்த ஜெயமதி, பிறப்புப் பதிவுப் படிவத்தை அவரிடம் நீட்டினாள்.

"பிள்ளையின்ர தேப்பன் பேர்?"

"தேப்பன் இல்லை, ஐயா. ரெண்டு அம்மா. போன வருஷம் சட்டம் வந்திட்டுதே, ரெண்டு பேரையும் பதியலாம்."

பேரின்பநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சட்டம் கிடக்கட்டும். மற்றப் பெட்டையின்ர தேப்பனுக்கு இது தெரியுமோ?"

"இன்னும் தெரியாது, ஐயா."

"ஐயோ பாவம்! அந்த மனுசன் இனி என்னெண்டு சனத்தின்ர முகத்தில முழிக்கப்போறான்? வளர்த்த வளர்ப்பு அப்பிடி! சரி, அவளின்ர பேரைச் சொல்லு."

"கஜந்தினி."

பேனா ஒரு கணம் நின்றது. ரொறன்ரோவில் படிக்கப் போயிருக்கும் அவருடைய மகளுக்கும் அதே பெயர்தான். அதற்கென்ன, ஊர் முழுக்கக் கஜந்தினிகள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு எழுதினார். அடுத்தது கடைசிப் பெயர். நம்மவர்களுக்கு அது தகப்பன் பெயர்தானே.

"அவளின்ர தேப்பன் பேர்?"

ஜெயமதி எழுந்து, குழந்தையை மெல்ல அவர் மடியில் வைத்தாள்.

"அதை நீங்கள் உங்கட கையாலதான் எழுதவேணுமாம், மாமா."