ஒன்பதாம் தடவை

ஆய்வகத்தைக் காலி செய்யும்போது பெனிட்டாவின் கண்ணாடிக் குப்பி கிடைத்தது. அடியில் சர்க்கரை போல நாலு படிகங்கள், ஒளிரக் காரணமே இல்லாத வெறும் அமினோ அமிலம். மேலே அவள் கையெழுத்தில் ‘ஒன்பதாம் தடவை’. இருபத்தாறு வருடங்களுக்கு முன், புற ஊதா விளக்கின் கீழ் இவை நீலமாக ஒளிர்வதாக அவள் சொன்னபோது, பக்கத்து மேசைக்காரியான நான்தான், "அழுக்கா இருக்கும்டி, கரைச்சு வடிகட்டு" என்றேன். கரைத்தால் ஒளி போய்விடும். ஆறிப் படிகமாகச் சேர்ந்ததும் திரும்பி வந்துவிடும். "அழுக்குன்னா கழுவக் கழுவக் குறையணும்லா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாள். கடைசியாக, "விளக்கை அணைச்ச பொறவும் கொஞ்சம் நிக்குதுடி" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அந்த மாதமே அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு நாகர்கோவிலுக்குப் போய்விட்டாள்.

இன்று கறுப்புத் திரையை இழுத்து மூடி விளக்கைப் போட்டேன். அதே நீலம். அணைத்தேன். அந்நாட்களில் விளக்கு அணைந்ததுமே திரையை விலக்கிவிடுவது என் வழக்கம். இன்று கை எழவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டில் குப்பியையே பார்த்தேன்.

நீலம் உடனே போகவில்லை.