பச்சை டிக்கின் கவலை

கம்ப்யூட்டரில் தொட்டுத் தொட்டுப் படிக்கிற அறிவியல் புத்தகம் ஒன்றை ஒரு கம்பெனி போட்டிருந்தது. பிள்ளைகள் சரியான விடையைத் தொட்டால் பச்சை டிக் எட்டிப் பார்த்து "சரி" என்று சொல்லும். தப்பாகத் தொட்டால் சிவப்புப் பெருக்கல் குறி ஓடி வந்து, "பரவாயில்லடா தங்கம், இன்னொரு தடவை பாரு" என்று சொல்லும்.

ஒரு வாரமாக டிக்கை யாருமே கூப்பிடவில்லை. வேலையில்லாத குறியைத் தூக்கிவிடப்போவதாகக் கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். டிக் பெருக்கலிடம் போய்க் கேட்டது:

"என்னக்கா, பிள்ளைங்க எல்லாம் மக்காயிட்டாங்களா?"

"யாரு கண்டா? காலையிலேர்ந்து நானூறு தங்கம் சொல்லிட்டேன் தம்பி, தொண்டையே கட்டிப்போச்சு" என்றது பெருக்கல். "உனக்கென்ன, 'சரி'க்கு மேல ஒரு வார்த்தை வாயில வராது."

கேள்விதான் கஷ்டம் என்று கம்பெனிக்காரர்கள் முடிவு கட்டினார்கள். மறுநாள் புதுக் கேள்வி வந்தது: தவளைக்கு எத்தனை கால்?

'இதுக்குக்கூடவா தப்பாச் சொல்லுவாங்க?' என்று டிக் நிமிர்ந்து நின்றது.

ஒரு வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுப் பேரும் கொஞ்சம்கூட யோசிக்காமல் 'ஏழு' என்பதைத் தொட்டார்கள்.

பெருக்கல் எல்லோருக்கும் சொல்லி முடிக்கிறவரைக்கும் டிக் காத்திருந்தது. பிறகு மெல்ல அதன் பக்கமாக நகர்ந்தது.

"அக்கா, என்னையும் ஒரே ஒரு தடவை தங்கம்னு கூப்பிடேன்."