சீதன வீட்டுக் கையெழுத்து

“ஊரிலை இருக்கிற பவளத்தின்ரை சீதன வீட்டை வித்தால்தான் இஞ்சை பிக்கரிங்கிலை வீடு வாங்கலாம். எங்கடை தேசவழமைச் சட்டப்படி புருசன் கையெழுத்து வைக்காமல் விக்கேலாது. வையுங்கோ அண்ணை,” என்று குகதாசன் மறுபடியும் கெஞ்சினான். வந்து வந்து அவனுக்கு அலுத்துவிட்டது.

“அவளே வந்து கேக்கட்டும்,” என்றார் இராஜரட்ணம்.

“காரைவிட்டு இறங்க மாட்டாளாம்.”

“இன்னும் என்னிலை கோவமோ?”

“ஓம். ஏச்சு முழுக்க எனக்குத்தான்.”

இராஜரட்ணத்துக்கே இரக்கம் வந்துவிட்டது. பத்திரத்தை வாங்கி, ‘கணவன்’ என்ற இடத்தில் கையெழுத்திட்டார்.

“கனடாக் கோர்ட் எங்களைப் பிரிச்சதை ஊரிலை ஏற்கமாட்டாங்களாம். அங்கை இன்னும் நான்தான் புருசன். விளங்குதோ தம்பி?”

“விளங்குது அண்ணை.”

பவளத்தைப் போன வருடம் டொரொண்டோவில் சட்டப்படி மணந்துகொண்ட குகதாசன், பேனாவை வாங்கிச் ‘சாட்சி’ என்ற இடத்தில் கையெழுத்திட்டான்.