ஐந்து சாம்பியன்கள், ஒரு வேலை

“அப்போ முதல் அஞ்சு பேரை வரிசையாச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்.

துரைசாமிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதைத்தான் கேட்பார்கள் என்று பத்திரிகை அச்சுக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பன் அடித்துச் சொல்லியிருந்தான். “மார்சியானோ ஓய்வு பெற்றதிலேருந்து ஆசிரியருக்கு வேற பேச்சே இல்லடா. ஹெவிவெயிட் குத்துச்சண்டையில தலைசிறந்த அஞ்சு பேர் யாருன்னு வர்றவங்களை எல்லாம் குடையுறார்.”

ஜாலான் புசார் தெருவில், இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் தமிழ்ப் பத்திரிகை அலுவலகம். விளையாட்டுப் பக்கத்துக்கு ஓர் உதவி ஆசிரியர் தேவை. ஒரே ஓர் இடம்தான். பத்து மணிக்கு நேர்காணல். பாழாய்ப்போன டிராலி பஸ் நடுரோட்டில் நின்று தொலைத்ததில், துரைசாமி படியேறி வந்தபோது பத்தே முக்கால். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது, பெஞ்சு காலி. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தவன், டையும் கண்ணாடியுமாக மேஜையில் ஒருவர் இருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டான்.

“இன்டர்வியூவுக்கு வந்தேன் சார். லேட்டாயிடுச்சு, மன்னிச்சிடுங்க.”

“பரவாயில்லை, உட்காருங்க. பாக்சிங் தெரியுமா?”

தெரியுமாவா! நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் நடக்கும் குத்துச்சண்டையை ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை அவன். பிராஸ் பசா ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் பாக்சிங் பத்திரிகைகளைத் தேடித் தேடி வாங்கியவன். ஆனால் ரப்பர் கிடங்கில் அவன் இன்னமும் தற்காலிகக் குமாஸ்தாதான். ஆவணிக்குள் பெர்மனன்ட் வேலை கிடைக்காவிட்டால், அவன் காதலிக்கும் கண்மணியை ஈப்போ மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவள் அப்பா பரமசிவம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

“ஜோ லூயிஸ், ராக்கி மார்சியானோ, ஜாக் ஜான்சன், ஜாக் டெம்ப்சி, ஜீன் டன்னி. இதுதான் சார் வரிசை.”

பேனா நின்றது. “மார்சியானோ ரெண்டாவதா? நாற்பத்தொன்பது சண்டை, நாற்பத்தொன்பதும் ஜெயிச்சவருன்னு பேப்பர்லயே போட்டிருந்தானே.”

“ஆமா சார்.”

“லூயிஸ்?”

“மூணு தடவை தோத்திருக்கார்.”

“தோக்காதவரை விட்டுட்டுத் தோத்தவரை முதல்ல வைக்கிறீங்களே, தப்பாப் போயிடாதா?”

துரைசாமிக்குப் பகீரென்றது. வாயை மூடிக்கொண்டு மார்சியானோவை மேலே தூக்கி வைத்துவிடலாமா? வேலைதானே முக்கியம்? ஒரு நிமிஷம் கண்மணியை நினைத்தான். ஆனாலும் லூயிஸை இறக்க மனசு வரவில்லை. ஆனது ஆகட்டும் என்று துணிந்துவிட்டான்.

“போகாது சார். லூயிஸ் கிட்டத்தட்டப் பன்னிரண்டு வருஷம் பட்டத்தை வச்சிருந்தவர். இருபத்தஞ்சு தடவை காப்பாத்தினார். மார்சியானோ காப்பாத்தினது ஆறு தடவைதான். லூயிஸ் தோத்த மூணுல ரெண்டு, ஓய்வெடுத்துட்டுத் திரும்பி வந்த பிறகு. மார்சியானோகிட்ட தோத்தப்ப அவருக்கு முப்பத்தேழு வயசு!”

“முப்பத்தேழா? இருங்க, இருங்க.” அவர் வேகவேகமாக எழுதினார். “சரி, யாராச்சும் ஒத்துக்காம மடக்கினா என்ன சொல்றது?”

மனுஷன் எவ்வளவு தூரம் யோசிக்கிறார்! நாளைக்கு வாசகர்கள் கடிதம் எழுதிச் சண்டைக்கு வருவார்கள் என்று இப்போதே கவலைப்படுகிறார். இப்படிப்பட்டவரிடம் வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று துரைசாமிக்குத் தோன்றியது.

“எத்தனை ஜெயிச்சார்னு மட்டும் பார்க்காதீங்க, யாரை ஜெயிச்சார், எந்த வயசுல ஜெயிச்சார்னு பாருங்கன்னு சொல்லுங்க சார். அதுக்கு மேல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.”

“அடடே, பிரமாதம்லா!” அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பேரையும் காரணத்தோடு அவரே ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். “டன்னி, ரெண்டே தடவை தோத்தவர்...”

“ஒரே தடவை சார்.”

“ஒரே தடவை” என்று திருத்திக்கொண்டார். “நல்லா விளங்குது. எங்கேயும் உங்களை மாதிரி ஓர் ஆளைப் பார்த்ததில்லை.”

துரைசாமி நிமிர்ந்து உட்கார்ந்தான். வேலை கிடைத்த மாதிரிதான். சாயங்காலமே பரமசிவம் வீட்டுக்குப் போய், ஈப்போக்காரனுக்குக் கடுதாசி எழுதிப் போட்டுவிடுங்கள் மாமா என்று சொல்ல வேண்டும்.

உள் அறைக் கதவு திறந்தது. பியூன் முகம்மது யூசுப் எட்டிப் பார்த்தார். “இயேசுதாசன் யாருங்க? ஆசிரியர் கூப்பிடுறார், வாங்க.”

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பரபரவென்று எழுந்து, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ரொம்ப தேங்க்ஸ் தம்பி. எனக்குத் தெரிஞ்சது ஃபுட்பால் மட்டும்தான், ஆசிரியர் பாக்சிங்தான் கேட்பார்னு சொன்னாங்க, எழுதிப் படிக்கலாம்னுதான் இந்தக் காலி மேஜையில உட்கார்ந்தேன்” என்று துரைசாமியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நேர்காணலுக்கு உள்ளே போனார்.