அதிர்வு வைத்தியர்

மார்பில் கட்டி தெரிந்ததும் தமயந்தி அதிர்வு வைத்தியர் ஞானசீலனிடம்தான் போனாள். அவர் இசைக்கவை என்னும் உலோகக் கவையைத் தட்டி, அது அதிரும்போதே கட்டியின் மேல் வைப்பார். "கத்தியே வேண்டாம்மா. அலைவரிசை சரியானா தானா கரைஞ்சிடும்" என்பார். கட்டி கரையவில்லை. அக்குளுக்கும் பரவியது. கடைசியில் புற்றுநோய் மருத்துவமனைக்கு வந்தவள், காத்திருப்போர் வரிசையில் ஞானசீலனைக் கண்டாள். அவர் ஸ்கேன் உறையை மடியில் கவிழ்த்துக்கொண்டார்.

"உங்களுக்குமா சார்?"

"தொண்டையில... சின்னதா."

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "நல்லவேளை, சீக்கிரமே வந்துட்டீங்கன்னாரு. ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமாம்."

தமயந்தி சேலைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் இரண்டடி நடந்து, தயங்கித் திரும்பினார்.

"நீங்க வேணா முன்னாடி போங்கம்மா" என்றார்.