வேகத் தேர்வு

எழுபத்து நாலில், அந்த அரசு ஆபீஸில் நிரந்தர டைப்பிஸ்ட் வேலை ஒன்றுக்குத் தேர்வு அறிவித்தார்கள். அதில் அடிக்க வேண்டிய பத்தியை, தற்காலிக டைப்பிஸ்ட் மயிலாத்தாளிடமே நகல் எடுக்கும் ஸ்டென்சிலில் அடிக்கக் கொடுத்தார் சூப்பிரண்டு.

வயசு வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசித் தேர்வு. ஆனாலும் படிக்காமலே திருப்பி நீட்டினாள்.

"நானும் தேர்வு எழுதறனுங்க சார். இதை நான் பாக்கறது தப்புங்க."

"அதுவும் சரிதான்," என்றவர், பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் ருக்மணியிடம் கொடுத்தார்.

முடிவு வந்தது. வேலை ருக்மணிக்கு.

"என்ற வேகத்துல பாதிகூட உனக்கு வராதே புள்ள!" என்றாள் மயிலாத்தாள்.

"அந்த ஒரே பத்தியை ஒரு வாரம் அடிச்சுப் பழகுனனுங்கக்கா. நானும் எழுதறனான்னு சூப்பிரண்டு கேக்கலை. நானும் சொல்லலைங்க."