ஷூவின் அடிப்பக்கம்

பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. லுத்தரன் ஆலயத்தின் பக்கத்து அறையில், மகள் வெள்ளை உடையும் வெறுங்காலுமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா தரையில் குந்தி, பெண்கள் சங்கம் கொடுத்த வெள்ளை ஷூவை மடியில் கவிழ்த்து, அடிப்பக்கத்தைப் பிளேடால் சுரண்டுகிறாள். இடது ஷூவின் அடியில் ‘ஏழை’ என்றும் வலது ஷூவின் அடியில் ‘நிதி’ என்றும் சிவப்பு பெயின்டில் எழுதியிருக்கிறது. வண்ணக் கண்ணாடி வழியாக விழும் வெயில் அவள் விரல்களை நீலமாக்குகிறது. ரப்பர் தூள் உதிர்கிறது. எழுத்து போகவில்லை. சுவருக்கு அப்பால் ஆர்கனில் யாரோ ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்கிறார்கள்.

“போதும்மா. நடக்கறப்ப யாருக்கும் தெரியாது.”

“பீடத்துக்கு முன்னாடி முழங்கால் போடுவியேடி. சபை மொத்தமும் உன் முதுகுக்குப் பின்னாலதானே இருக்கும்?”

மகள் பாதங்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொள்கிறாள். சங்கத் தலைவி உள்ளே வருகிறார். பிளேடைப் பார்த்ததும் சிரிக்கிறார்.

“என்னம்மா, ஷூவுக்குச் சவரமா?”

அம்மா பதறி எழுந்து நிற்கிறாள். “கோவிச்சுக்காதீங்கம்மா. அடையாளத்துக்கு உள்பக்கம் எழுதியிருக்கலாம். யாரோ தெரியாம அடியில எழுதிட்டாங்க போல.”

தலைவி ஷூவை வாங்கி, முழங்காலிட்டு, மகளின் கால்களில் தானே மாட்டிவிடுகிறார். அவருடைய செருப்பின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. வாரை இறுக்கிவிட்டு மகளின் கன்னத்தைத் தட்டுகிறார். குரல் ஜெபம் சொல்வதுபோல் மென்மையாக வருகிறது.

“தெரிஞ்சேதான் எழுதினோம். காணிக்கை குடுத்தவங்க எல்லாம் பின்னாடிதானே உக்காந்திருக்காங்க? அவங்க கண்ணுல படணும்ல.”